படகுக் கைப்பிடிக் கம்பிக்கு எந்தப் பூச்சு தாங்கும்? பட்டறைக்காரன் கடிதம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல நம்ம பக்கத்துப் படகுகளுக்கு வருசாந்திர வேலை நடக்கறத போட்டோவோட போட்டிருந்தீங்க. நீலமும் மஞ்சளுமா புது பெயிண்ட் அடிச்சு கரையில வரிசையா நிறுத்தியிருந்தாங்க, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு அந்த போட்டோவுல கண்ணு போனது வேற எடத்துக்குங்க. சனங்க புடிச்சுட்டு ஏறுற கைப்பிடிக் கம்பி படகோட வந்து சேர்ற அடிப்பக்கம், அந்த பேஸ் பிளேட்டு. அங்கயும் பளபளன்னு பெயிண்ட் இருக்குது, ஆனா அதுக்கு அடியில இரும்பு எப்பிடி இருக்குன்னு யாராவது பாத்தாங்களா, பழைய துருவ சொரண்டினாங்களா, இல்ல துரு மேலயே அடிச்சுட்டாங்களான்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் கோயம்புத்தூர் கணபதி பக்கம் சின்னதா ஒரு வெல்டிங் பட்டறை வெச்சிருக்கனுங்க. லேத் ரெண்டு, டிரில்லிங் மிசின் ஒண்ணு, பெரும்பாலும் பம்ப்செட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க். படகு சாமான் எனக்கு வந்தது தற்செயலாத்தான். பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவுல காவேரியில படகு ஓடறது உங்க வாசகர் நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், கதவணைத் தண்ணி தேங்கி நிக்கிற எடம், சேலம் ஜில்லா கரையில ஏறினா ஈரோடு ஜில்லா கரையில எறங்கலாம், டூவீலரையே படகுல ஏத்திட்டு போவாங்க. நாலு வருசம் முன்னாடி அந்தப் பக்கத்துப் படகுக்காரண்ணன் ஒருத்தர், ஒறம்பரை வழியில பழக்கம், கைப்பிடிக்கு கம்பி செஞ்சு குடுன்னு வந்தாரு. ஒண்ணரை இஞ்சு எம்.எஸ். (சாதா இரும்பு) பைப்பு, அடியில 8 மில்லி பிளேட்டு, நாலு போல்ட் ஓட்டை. செஞ்சு முடிச்சதும் என்ன பெயிண்ட்டுன்னு கேட்டாரு. நான் யோசிக்கவே இல்லீங்க, பவுடர் கோட்டிங் அண்ணா, கட்டில், கேட்டுக்கெல்லாம் அதுதான், சூப்பரா இருக்கும்னு சொல்லி தெரிஞ்ச ஒரு கோட்டிங் யூனிட்டுக்கு அனுப்பி நீலக் கலர் அடிச்சு குடுத்துட்டேன்.

14 மாசம் ஆச்சு. போன் பண்ணி கம்பி ஒண்ணு ஆடுதுன்னாரு. நேர்ல போனேன். கதவணையில தண்ணி எறக்கியிருந்த சமயம், படகு கரையில சாஞ்சு கெடந்துச்சு. மேல பாத்தா கலர் கொஞ்சமும் மங்கல, அதே நீலம். பிளேட்டு ஓரத்துல மட்டும் கொப்பளம் மாதிரி உப்பியிருந்துச்சு. கட்டைவெரல வெச்சு அமுக்கினேன், உள்ள இருந்து காப்பித்தண்ணி கலர்ல தண்ணி வழிஞ்சு வந்துச்சுங்க. நெகத்த உள்ள விட்டு இழுத்தா வேகவெச்ச உருளைக்கெழங்குத் தோல் மாதிரி பூச்சு மொத்தமா உரிஞ்சு கையோட வருது. அடியில இரும்பு ஏடு ஏடா உதிருது. பைப்பு பிளேட்டோட சேர்ற எடத்துல என் பாக்கெட் பேனாவ வெச்சு குத்தினேன், பேனா உள்ள போயிருச்சு. அன்னைக்கு காலையில வரைக்கும் அந்தக் கம்பியப் புடிச்சுட்டுத்தான் தலையில மூட்டையோட வயசான பொம்பளைங்க ஏறியிருக்காங்க. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல.

ஏன் இப்பிடி ஆச்சுன்னு அதுக்கப்பறம்தான் ஒக்காந்து கத்துக்கிட்டேன். பவுடர் கோட்டிங் கெட்டதுன்னு நான் சொல்ல வரல, வீட்டுக்குள்ள இருக்குற சாமானுக்கு அது அருமையான பூச்சு. அது ஒரு பிளாஸ்டிக் சட்டை மாதிரி, 60, 80 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கனத்துல இரும்பு மேல ஒட்டிட்டு நிக்கும், அவ்வளவுதான், இரும்புக்காக அது எதையும் குடுக்காது. எங்கயாவது ஒரு ஊசிமொனை அளவு ஓட்டை விழுந்தாப் போதும், தண்ணி அது வழியா உள்ள போயி சட்டைக்கு அடியிலயே ஊர்ந்து ஊர்ந்து தின்னுட்டு போகும், மேல கலர் இருக்குறதால வெளிய தெரியவும் தெரியாது. நான் பண்ணினது மூணு தப்புங்க. பிளேட்டோட ஓரத்த வெட்டினபடி கூரா விட்டுட்டேன், கூர் முனையில பெயிண்ட், பவுடர் மாதிரி பூச்சு நிக்காம வழுக்கி மெலிசாயிரும். ரெண்டாவது, போல்ட் ஓட்டை ஒத்துவரலன்னு பூச்சு அடிச்சு வந்த பொறவு டிரில் போட்டு பெருசாக்கினேன், ஓட்டைக்குள்ள வெறும் இரும்பு. மூணாவதுதான் ரொம்ப மோசம், பைப்புக்கு உள்பக்கம். பவுடர் வெளிய மட்டும்தான் புடிக்கும், உள்ள ஈரம் பூந்தா உள்ளுக்குள்ளயே துரு தின்னுட்டே வரும்.

இதையெல்லாம் மாத்தி மறுபடி செஞ்சு குடுத்தேன், இந்த தடவை ஹாட் டிப் கால்வனைசிங். இதப் பத்தி எழுதணும்னுதான் முக்கியமா வந்தேன், ஏன்னா நம்ம ஊர்ல ஜி.ஐ.ன்னு, அதாவது ஜிங்க் (துத்தநாகம்) பூசின இரும்புன்னு, சொன்னாலே எல்லாம் ஒண்ணுதான்னு நெனைக்கறாங்க. கடையில மின்னுற போல்ட்டுல இருக்கறது எலக்ட்ரோ பிளேட்டிங், கரண்ட் வெச்சு ஏத்துற ஜிங்க், பெரும்பாலும் 5ல இருந்து 25 மைக்ரானுக்குள்ளதான் இருக்கும். ஹாட் டிப்புங்கறது வேற. இரும்ப எண்ணெய்ப் பிசுக்கு போக கழுவி, ஆசிட்ல முக்கி துரு எடுத்து, ஜிங்க் ஒட்டறதுக்கான ஃப்ளக்ஸ் கரைசல்ல முக்கி, அப்பறம் 450 டிகிரியில உருகிக் கெடக்கற ஜிங்க் தொட்டியில மொத்த சாமானையும் முக்கி எடுக்கறது. ஜிங்க் இரும்போட கலந்து உலோகமாவே ஒட்டிக்கும், பெயிண்ட் மாதிரி உரியாது. 6 மில்லிக்கு மேல கனமான பிளேட்டுக்கு சராசரி 85 மைக்ரான், 3ல இருந்து 6 மில்லிக்கு 70 மைக்ரான் வரணும்னு ஸ்டாண்டர்டே இருக்குது. எல்லாத்துக்கும் மேல, சித்தே கீறல் விழுந்தாலும் பக்கத்துல இருக்குற ஜிங்க் தான் கரைஞ்சு இரும்ப காப்பாத்தும். பைப்புக்கு உள்ளயும் ஜிங்க் ஓடிரும்.

ஆனா இதுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பட்டறையில வேலை இருக்குங்க. வெல்டிங், ஓட்டை எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தான் அனுப்பணும், திரும்பி வந்ததுக்கு அப்பறம் வெல்டு வெக்கறதோ டிரில் போடறதோ கூடாது. ஜிங்க் மேல வெல்டு வெச்சா வர்ற வெள்ளைப் புகைய இழுத்த பையனுக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் வரும், நானே பாத்திருக்கேன். அப்பறம் ரெண்டு பக்கமும் மூடின பைப்ப அப்பிடியே அனுப்பவே கூடாது, காத்துப் போக ஓட்டை போட்டே ஆகணும். உள்ள துளி ஈரம் இருந்தாலும் 450 டிகிரி தொட்டியில அது ஆவியாகி பைப்பே வெடிச்சுரும், தொட்டிகிட்ட நிக்கிற ஆளோட உசுரு போயிரும். ஓட்டை போடற சோம்பேறித்தனத்துல யாரும் வெளையாடாதீங்க.

இன்னொண்ணு, ஜி.ஐ. மேல கலர் வேணும்னு சாதா எனாமல வாங்கி அடிக்கறாங்க. வீட்டு கேட்டுல ஜி.ஐ. பைப்புக்கு அடிச்ச பெயிண்ட் வருசம் திரும்பறதுக்குள்ள தோலா உரியறத எல்லாரும் பாத்திருப்பீங்க, பெயிண்ட் மட்டம்னு திட்டியிருப்பீங்க. அந்த எண்ணெய் பெயிண்ட்டும் ஜிங்க்கும் சேர்ந்தா நடுவுல சோப்பு மாதிரி ஒண்ணு உண்டாகிருதுங்க, அப்பறம் எங்க ஒட்டும்? ஜிங்க் மேல புடிச்சு நிக்கற அடிப்பூச்சு, எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ, அடிச்சுட்டுத்தான் மேல கலர் போகணும்.

படகோட இரும்பு அடிப்பாகம் மாதிரி தொட்டியில முக்க முடியாத பெருசுக்கு எபாக்ஸி, அதாவது ரெண்டு டப்பா கலந்து அடிக்கற கெட்டி பெயிண்ட்தான் வழி. ஆனா எபாக்ஸியோட ஆயுசு டப்பாவுல இல்ல, அடிக்கறதுக்கு முன்னாடி பண்ற பிளாஸ்டிங்ல, அதாவது காத்தழுத்தத்துல கரகரப்பான துகள அடிச்சு இரும்ப சுத்தம் பண்றதுல இருக்கு. ஒயர் பிரஷ் போட்டு தேச்சுட்டு ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடிக்கற பழக்கம் நம்மகிட்ட ஊறிக் கெடக்குது, தண்ணிக்குள்ள போற சாமானுக்கு அது பத்தவே பத்தாது. கிரிட் பிளாஸ்டிங்ல எஸ்.ஏ. 2½ன்னு ஒரு மட்டம் இருக்கு, இரும்பு கிட்டத்தட்ட வெள்ளையா வந்து தொட்டா சொரசொரன்னு இருக்கணும், அந்த சொரசொரப்பைத்தான் எபாக்ஸி கவ்விப் புடிக்குது. அப்பறம் வெல்டு மேலயும் ஓரத்துலயும் மொதல்ல பிரஷ்ல ஒரு கை இழுத்துட்டுத்தான் மொத்தமா ஸ்ப்ரே அடிக்கணும். ஈரக்காத்துல அடிக்கக்கூடாது, இரும்போட சூடு பனி படியற சூட்டுக்கு 3 டிகிரியாவது மேல இருக்கணும், மார்கழி விடியக்காத்தால ஆத்தோரத்துல நின்னு அடிச்சா கண்ணுக்குத் தெரியாத பனி மேல அடிக்கறதுதான். வெயில் படற எடத்துல எபாக்ஸி வெளுத்து மாவா உதிரும், அதனால மேல பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் வேணும். அந்த பி.யூ. ஸ்ப்ரே அடிக்கற பசங்களுக்கு சும்மா கர்ச்சீப்ப மூஞ்சியில கட்டிவிடாதீங்க, அதுல வர்ற ஐசோசயனேட் நெஞ்ச கெடுத்துரும், சரியான மாஸ்க் வாங்கிக் குடுங்க.

எங்க பட்டறைக்கு வர்றவங்க அடிக்கடி சொல்றது, "நம்முளுது நல்ல தண்ணிதானே, கடலா என்ன?"ன்னு. இது பாதிதான் உண்மை. கடல் அளவுக்கு உப்பு இல்லதான், ஆனா நம்ம தண்ணியும் எடத்துக்கு எடம் வேற. சிறுவாணி மாதிரி மென்மையான தண்ணி குடிக்க தேனா இருக்கும், ஜிங்க்குக்கு அது ஆகாது, கடினத்தன்மை உள்ள போர் தண்ணியில ஜிங்க் மேல சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு அதுவே காப்பாத்தும், மென்மையான தண்ணியில அப்பிடிப் படியாது. அதே நேரம் நொய்யல்ல சாயத்தண்ணி கலந்து ஒரத்துப்பாளையம் அணையில உப்பு தேங்கின கதை நமக்கெல்லாம் தெரியும், அந்த மாதிரி குளோரைடு ஏறின தண்ணியில துருப்புடிக்கற வேகமே வேற. சாக்கடை கலக்கற குளம்னா அடிச்சேத்துல காத்தில்லாத எடத்துல பாக்டீரியா வேற இரும்ப தின்னும். படகு எந்தத் தண்ணியில மெதக்கப் போகுதுன்னு கேக்காம பூச்சு சொல்றவங்கள நம்பாதீங்க.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டா கவலையே இல்லேன்னும் சிலர் நெனைக்கறாங்க. ஆத்துத் தண்ணிக்கு மேல இருக்குற கைப்பிடிக்கு 304ங்கற ரகம் போதும், கடலுக்குப் போற சாமானுன்னா 2, 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 வேணும். அதையும் எம்.எஸ். அறுத்த அதே கிரைண்டிங் வீல்ல தேச்சா இரும்புத்தூள் ஒட்டி புள்ளி புள்ளியா துரு வரும், வெல்டு பக்கத்துல வர்ற நீலக்கலரையும் பிக்ளிங் பேஸ்ட்டுங்கற ஆசிட் பசை போட்டு எடுக்கணும். எஸ்.எஸ். போல்ட்ட அலுமினியத்துல நேரா முடுக்கினா போல்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அலுமினியம் அரிச்சுரும், நடுவுல நைலான் வாசர் போடுங்க.

போன வருசம் ஒரு அவுட்போர்டு மோட்டார் கால பாத்தனுங்க. அலுமினியம்தான் அது. அதுல ஆனோடுன்னு ஒரு கட்டி வெச்சிருப்பாங்க, மத்ததுக்கு பதிலா தான் கரையறதுக்குன்னே வெச்சது. அழகா இருக்கட்டும்னு யாரோ ஆனோடு மேலயும் சேத்து கருப்பு பெயிண்ட் அடிச்சு விட்டிருந்தாங்க. ஆனோடு புதுசாட்டம் அப்பிடியே இருக்கு, ப்ரொப்பெல்லர் பக்கம் எல்லாம் அம்மைத்தழும்பு மாதிரி குழி குழியா போயிருக்கு. அதுவும் கடலுக்கு ஆன ஜிங்க் ஆனோடு, நல்ல தண்ணியில அது மேல ஏடு படிஞ்சு தூங்கிரும், நமக்கு மெக்னீசியமோ அலுமினியமோதான் வேணும்.

படகு வெச்சிருக்கறவங்களும், படகு வேலைக்கு கொட்டேசன் கேக்கற ஆபீஸ்காரங்களும் ஒண்ணு பண்ணணுமுங்க. "நல்ல முறையில் வர்ணம் பூசித் தர வேண்டும்"னு எழுதறத விட்டுட்டு, எந்த பார்ட் தண்ணிக்குள்ள, எது மேல, எதுக்கு ஹாட் டிப், எத்தன மைக்ரான், பிளாஸ்டிங் எந்த மட்டம்னு ஆர்டர்லயே எழுதுங்க. மைக்ரான் பாக்கற மீட்டர் உள்ளங்கை அளவுதான், டெலிவரி எடுக்கும்போது மேல வெச்சா ரெண்டு செகண்டுல நம்பர் காட்டும், அந்த நம்பர சலான்லயே எழுதி கையெழுத்து வாங்குங்க. எழுதலேன்னா எங்கள மாதிரி ஜாப் ஒர்க்காரங்க எது சீப்போ அதத்தான் செய்வோம், நாலு வருசம் முன்னாடி நான் செஞ்ச மாதிரி. ஹாட் டிப்புக்கு கிலோ கணக்குல காசு, பவுடருக்கு சதுர அடி கணக்கு, கனமான சாமானுன்னா ஹாட் டிப் எச்சாத்தான் வரும், அதையும் ஒளிக்காம சொல்லிர்றேன். அந்தப் படகுக்காரண்ணனுக்கு ரெண்டாவது செட் குடுத்து ரெண்டு மழைக்காலம் தாண்டிருச்சு, ஓரத்துல லேசா சாம்பல் பூத்திருக்கு, அவ்வளவுதான்.

ஆடி பதினெட்டுக்கு இன்னும் நாள் இருக்குதுங்க, காவேரிக் கரை முழுக்க கூட்டம் வரும், படகுல கொழந்தைங்களோட ஏறுவாங்க. அதுக்கு முன்னாடி படகுக்காரங்க ஒவ்வொரு கைப்பிடிக் கம்பியோட அடியிலயும் சின்ன சுத்தியில தட்டிப் பாருங்க, கணீர்னு சத்தம் வராம பொத்துன்னு வந்துச்சுன்னா பெயிண்ட் எவ்வளவு புதுசா இருந்தாலும் அந்தக் கம்பிய அன்னைக்கே கழட்டிருங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்,
கணபதி, கோயம்புத்தூர்.