சம்பள நாளிலேயே பி.எஃப். பணத்தை ஒதுக்கிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறிய பட்டறை, தையல் கூடம், அச்சகம் நடத்துவோர் பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்புநிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பாக்கியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல. ஆளை வேலைக்கு வைக்கும்போதே முழுக்கணக்கும் போட்டுப் பார்க்காததால்தான். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப். என்பது பலருக்கும் தெரியும். ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்களும் அந்த எண்ணிக்கையில் சேர்வார்கள் என்பதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமாக 14,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் பிடிப்பது பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,680, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 105. கையில் கொடுப்பது 12,215. முதலாளியும் பி.எஃப்.புக்கு 1,680 போட வேண்டும். அதில் 1,166 ரூபாய், அதாவது சம்பளத்தில் 8.33 சதவீதம், ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். மீதி 514 தொழிலாளியின் வைப்புநிதியில் சேரும். இதற்கு மேல் பி.எஃப்.புடன் சேர்ந்த ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு 70, பி.எஃப். நிர்வாகக் கட்டணம் 70, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாக 455. ஆக, அந்த ஒருவருக்கு மாதச் செலவு 16,275. அதில் 4,060 ரூபாய் அரசுக் கணக்குக்குப் போக வேண்டியது. நிர்வாகக் கட்டணம் மட்டும் நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து மாதம் 500-க்குக் குறையக் கூடாது.

முதலாளி பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே கழிப்பது சில இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. அது சட்டவிரோதம். இன்னொன்று: ஒரு மாதம் தொழிலாளியின் பங்கைப் பிடிக்க மறந்துவிட்டால், அடுத்த மாதம் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம் என்பது பொது விதி. விட்டுப்போனது முதலாளியின் தலையில்தான் விழும்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பார்ட்டியிடமிருந்து பில் பணம் வரவில்லை, நூல் வாங்கப் பணம் போய்விட்டது என்ற காரணங்கள் அங்கே எடுபடாது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதன் மேல் அபராதத் தொகை. தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பங்கைக் கட்டாமல் வைத்திருந்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே அது பார்க்கப்படும். பிடித்த அந்தப் பணம் ஒரு நாள்கூட முதலாளியுடையது அல்ல. எனவே சம்பளம் போடும் அன்றே 4,060 ரூபாயையும் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நடப்புக் கணக்கில் கிடந்தால் அது செலவாகியே தீரும்.

புதிதாகச் சேருபவரின் பி.எஃப். எண்ணுக்கான வேலையை 14-ஆம் தேதி மாலை தொடங்காதீர்கள். எண்ணுடன் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பெயரின் எழுத்திலோ பிறந்த தேதியிலோ வித்தியாசம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால் திருத்தம் செய்ய நேரம் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ.க்கான சம்பள உச்சவரம்பு மாதம் 21,000. ஜூலையில் ஒருவருக்கு 22,000 ஆக உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பருவம் முடியும் வரை 22,000-க்கும் சேர்த்தே கட்ட வேண்டும்.

வருமான வரிப் பிடித்தம் மேலாளர் போன்ற ஓரிருவருக்கே வரும். ஆண்டு முழுவதற்குமான வரியைக் கணக்கிட்டு மாதாமாதம் பிரித்துப் பிடிக்க வேண்டும். மார்ச்சில் மொத்தமாகப் பிடித்தால் அவர் குடும்பம் திண்டாடிப்போகும். கட்டக் கடைசி நாள் பொதுவாக அடுத்த மாதம் 7. ஆகஸ்ட் 31-இல் பிடித்ததை செப்டம்பர் 8-இல் கட்டினால் ஒரு நாள்தான் தாமதம். ஆனால் வட்டி மாதத்துக்கு 1.5 சதவீதம், பிடித்த நாளிலிருந்து. ஆகஸ்டும் செப்டம்பரும் இரண்டு மாதங்களாகக் கணக்காகி 3 சதவீதம் கேட்பார்கள்.

சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரியை உள்ளாட்சி அமைப்பில்தான் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஓராண்டில் ஒருவருக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

சம்பளக் கணக்கு ஆலோசகர்கள்,
திருப்பூர்