பட்டறையில் செய்திருக்கும் மாற்றம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள படகு முதலாளிகளான சம்மாட்டிமார்களுக்கும், வல்லமும் வத்தையும் பைபர் படகும் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

ஜூன் மாதம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இதற்குள் வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வந்து சேர்ந்திருக்கும். நம் பட்டறையில் சர்வீஸ் முடித்துப் போன எஞ்சின் ஒன்று இரண்டாம் நாள் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) எண்ணெய் வற்றிப் பிடித்துக்கொண்டது. படகில் மூன்று பேர். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற நேரம். பக்கத்தில் வலை விட்டிருந்த இன்னொரு வல்லம் கயிறு கட்டி இழுத்து வந்ததால் ஆட்கள் நலமாகக் கரை சேர்ந்தார்கள். அந்த வல்லம் அங்கே இல்லாமல் போயிருந்தால், காற்றும் நீரோட்டமும் படகை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும், 1974இல் இலங்கையோடு போட்ட கடல் எல்லைக் கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரவு நான் தூங்கவில்லை.

தவறு எங்களுடையது. எஞ்சினைப் பிரித்து, கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் எங்கள் செலவில் மாற்றிக் கொடுத்துவிட்டோம். அவர்கள் தொழிலுக்குப் போக முடியாத ஒன்பது நாள் மீன்பாட்டு வருமானத்துக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் “காசுக்கு ஆசைப்பட்டுப் போலி எண்ணெய் ஊற்றினான்” என்று சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பட்டறையில் எண்ணெய் டின்னின் சீலை உங்கள் கண்முன்னால்தான் உடைக்கிறோம். மிச்ச எண்ணெயை டின்னோடு உங்களிடமே கொடுத்து அனுப்புகிறோம். அன்றைக்கும் அப்படித்தான் செய்தோம். அரை லிட்டர் மிச்சத்தோடு அந்த டின் அந்தப் படகிலேயே இருந்தது. டின் வாங்கிய பில் என்னிடம் இருக்கிறது. பழைய எண்ணெயைக்கூட நாங்கள் மறுபடி பயன்படுத்துவதில்லை. பீப்பாயில் சேர்த்து, எடுக்க வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறோம். சந்தேகம் உள்ளவர்கள் எந்த நாளும் வந்து பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். எண்ணெயில் குறை இல்லை. எண்ணெய் எஞ்சினுக்குள் நிற்கவில்லை, அதுதான் நடந்தது.

ஏன் நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மறுநாள் பட்டறையைப் பெருக்கும்போது வைஸ் மேசைக்கு அடியில் ஒரு புதுச் செம்பு வாஷர் கிடைத்தது. எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்குப் போட வேண்டிய வாஷர் அது. மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது இங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விசைப்படகுக்காரர்கள் ஜூன் 14 இரவுக்குள் எல்லாம் தயாராக வேண்டும் என்பார்கள். நாட்டுப்படகு வேலையும் நிற்காது. போல்ட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்த தம்பியை யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போனான், திரும்பி வந்தான், எண்ணெய் ஊற்றினான். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தபோது ஒரு சொட்டும் கசியவில்லை. கடலில் மணிக்கணக்காக ஓடிய அதிர்வில்தான் போல்ட் தளர்ந்திருக்கிறது.

கடைசியில் நான் ஒரு முறை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த எஞ்சினையும் நான்தான் பார்த்தேன். இறுக்கிய போல்ட்டின் தலைதான் வெளியே தெரியும். அடியில் வாஷர் இருக்கிறதா என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

கோபத்தில் அந்தத் தம்பியை எல்லோர் முன்னாலும் முட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவன் ஸ்பேனரை வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. நான் அவனை வேலையை விட்டு நீக்கியதாகச் சொல்வது உண்மையல்ல. ஆனால் அவன் போனதற்குக் காரணம் நான்தான். ஆறு வருடத்தில் நூற்றுக்கணக்கான எஞ்சின்களைச் சரியாகக் கட்டிய கை அது.

ஒசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் ஊருக்கு வந்தபோது இதைக் கேட்டுவிட்டு ஒரு செய்தி சொன்னான். ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர், 1961இல் யமடா எலெக்ட்ரிக் என்ற தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார். சின்ன சுவிட்சு ஒன்றுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவார்கள். கவனமாக இரு என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. அவர் யாரையும் திட்டவில்லை. வேலையைத் தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு சிறு தட்டில் எடுத்து வை, பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்து என்றாராம். முடிந்த பிறகு தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். நம் வாஷர் கதையேதான்.

இந்த முறைக்கு அவர் முதலில் வைத்த பெயர் ‘பாக்கா யோக்கே’. பாக்கா என்றால் முட்டாள். 1963இல் இன்னொரு தொழிற்சாலையில் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு பெண் தொழிலாளி, நான் என்ன முட்டாளா என்று அழுதுவிட்டாராம். அதற்குப் பிறகுதான் ‘போக்கா யோக்கே’ என்று பெயரை மாற்றினார். கவனம் சிதறி யாருக்கும் நேரக்கூடிய சறுக்கலைத் தடுப்பது என்று பொருள். அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு நம் தம்பியின் முகம்தான் தெரிந்தது.

முதலில் ஒரு தாளில் வேலைகளை எழுதி, முடித்ததும் டிக் போடச் சொன்னேன். நான்கே நாளில், எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக டிக் போடும் பழக்கம் வந்துவிட்டது. தாள் ஆளைத் தடுக்காது. இப்போது படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம் சொல்லி மரத்தட்டுகள் செய்திருக்கிறோம். போல்ட், வாஷர், பில்டர், மூடி ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவத்திலேயே குழி வெட்டியிருக்கிறது. சர்வீஸ் தொடங்கும்போது எல்லாக் குழியும் நிறைந்திருக்க வேண்டும், முடியும்போது எல்லாம் காலியாக இருக்க வேண்டும். எஞ்சினைச் சுற்றித் தொடங்கும் ஹேண்டில் இனி வேலை மேசையில் இருக்காது, கணக்கு எழுதும் அக்காவிடம் இருக்கும். காலித் தட்டை அவர் கையில் கொடுத்தால்தான் ஹேண்டில் வெளியே வரும். எனக்கும் அதே சட்டம்தான்.

டீசல் வரும் குழாயும் திரும்பும் குழாயும் ஒரே தடிமனாக இருந்ததால் இரண்டு முறை மாறிப் போயிருக்கின்றன. இப்போது வெவ்வேறு தடிமனில் போடுகிறோம்; மாற்றிச் செருக நினைத்தாலும் ஏறாது. செல்போன் சிம்மின் ஒரு மூலையை வெட்டியிருப்பதும், மூன்று முனை பிளக்கில் ஒரு முனை தடித்திருப்பதும் இதற்காகத்தான். நம் பழைய பாம்பன் பாலத்திலேயே, அதில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். காற்றை யார் பார்த்தார், யார் மறந்தார் என்ற கேள்விக்கே அங்கே இடமிருந்ததில்லை. தினமும் அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே பட்டறை நடத்தியிருக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் எஞ்சினை இங்கேயே கொண்டுவந்து இறக்கியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. “உன் அப்பா காலத்திலிருந்து வருகிறோம், இதற்காகவா போய்விடுவோம்” என்று தங்கச்சிமடத்துப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று சொன்னார். எஞ்சின் பிடித்துக்கொண்ட அந்தப் படகின் சம்மாட்டியே போன வாரம் தம் இரண்டாவது எஞ்சினை இங்கே கொண்டுவந்தார். அதை நானே தட்டு வைத்துக் கட்டினேன்.

ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு எஞ்சின் மட்டும் பார்ப்பதால் சர்வீஸ் மறுநாள்தான் கிடைக்கும். கூலியில் 400 ரூபாய் கூடியிருக்கிறது. கரைக்கு வந்து பார்க்கும் வேலை இப்போதைக்கு இல்லை.

இரண்டு வேண்டுகோள். மேசையில் குனிந்திருக்கும் ஆளை யாரும் கூப்பிட வேண்டாம், எவ்வளவு அவசரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, அந்தத் தம்பியை எங்காவது பார்த்தால் வாஷர் பற்றிக் கேட்காதீர்கள். நான் தேடுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எஞ்சின் பட்டறைக்காரன்,
பாம்பன்.