ஊத்தங்கரைக்கு மழை எப்போது, எவ்வளவு என்று சொல்லுங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம். கடலே இல்லாத எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனது. அந்தக் காட்சியை டிவியில் நாடே பார்த்தது.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் புனேயில் அர்கா, நொய்டாவில் அருணிகா என்று வானிலைக்காகவே இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் தொடங்கிவைக்கப்பட்டன. அர்காவின் திறன் 11.77 பெட்டாஃபிளாப்ஸ், அதாவது நொடிக்குச் சுமார் 118 கோடி கோடி கணக்குகள். அந்த நவம்பரில் உலகின் வேகமான கம்ப்யூட்டர்கள் பட்டியலில் முதலிடம் பிடித்த அமெரிக்காவின் எல் கேப்பிடன் இதைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமானது. ஆனால் அதன் முக்கிய வேலை அணு ஆயுதங்கள் பற்றிய கணக்கு. நம் இயந்திரம் மழையைக் கணக்கிடுகிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

வானிலையைக் கணிக்க, நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியே கணக்கிடுகிறீர்கள். 2025 மே மாதம் வந்த பாரத் முன்னறிவிப்பு முறை, 12 கிலோமீட்டராக இருந்த கட்டத்தின் அகலத்தை 6 கிலோமீட்டராக்கியது. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலத்தையும் இன்னும் சின்னச் சின்ன இடைவெளியில் கணக்கிட வேண்டும். மொத்த வேலை ஏறக்குறைய எட்டு மடங்கு. அவ்வளவு பாடுபட்டு எடுத்த விவரம் எங்கள் காதுக்கு வரும்போது, 'கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை' என்று ஒரே வரியாகிவிடுகிறது. ஓசூர் மேட்டுநிலத்தில் இருக்கிறது, ஊத்தங்கரை கீழே. இரண்டுக்கும் ஒரே அறிவிப்பு எப்படிச் சரிவரும்? அந்த ஓரிரு இடம் எது என்பதுதானே எங்களுக்குத் தெரிய வேண்டும்!

ஆகவே, ஊராட்சி வாரியாக, தமிழில், எத்தனை மணியிலிருந்து எவ்வளவு மழை என்று சொல்லுங்கள். அப்புறம், ஏரிகளுக்கு நீர் வரும் பகுதிகளில் தானியங்கி மழைமானிகளைக் கூட்டுங்கள். தரையில் அளந்த விவரம் குறைவாக இருந்தால் எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரும் தவறான இடத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்கும். இரவு நேர எச்சரிக்கைக்குக் குறுஞ்செய்தி போதாது. தூங்குகிறவர் அதைப் பார்ப்பதில்லை. ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் போனில் அழைத்துச் சொல்ல, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஊத்தங்கரை, அரூர் இரு வட்டங்களில் இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வட்டத்து விவசாயி