மசூர் ஸ்டேஷனில் ஒரு சிறுவன்

தென்காசி
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். சரோஜா அக்காவிடம் மட்டும் வைத்தியம் கேட்டுவிடாதே, ஹாஸ்டல் கஷாயத்தையே நாம் இன்னும் மறக்கவில்லை. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மற்றதெல்லாம் நேரில்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நேற்றிலிருந்து மனசு ஆறவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன் அல்லவா, இந்த மாதம் சுயசரிதைகள். நேற்று அம்பேத்கரின் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’விலிருந்து முதல் சம்பவத்தை எடுத்துக்கொண்டேன். அவர் 1930-களில் எழுதி வைத்தது. சிறு நூலாக வந்தது 1990-ல்தான். மொத்தமே ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

1901. அவருக்கு ஒன்பது வயது. அப்பா கோரேகாவில் காசாளர். கோடை விடுமுறைக்கு அங்கே வரச்சொல்லிக் கடிதம் போட, சதாராவிலிருந்து பிள்ளைகள் கிளம்புகிறார்கள். புதுச் சட்டை, மினுக்கும் தொப்பி, புது ஷூ, பட்டுக்கரை வேட்டி. மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரிக்கிறார். யார் என்று கேட்டதும் இவன் யோசிக்காமல், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட தன் சாதியின் பெயரை, ‘மகர்’ என்று சொல்லிவிடுகிறான். அவர் முகம் மாறிவிடுகிறது. ஒரு வண்டிக்காரனும் வரச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒருவன் இரட்டை வாடகைக்கு ஒத்துக்கொள்கிறான், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. நடுராத்திரி சுங்கச்சாவடியில், தான் முஸ்லிம் என்று உருதுவில் சொல்லிக் கேட்டும் கிடைக்கவில்லை. ‘மலையில் இருக்கிறது, வேண்டுமானால் போய் எடுத்துக்கொள்’ என்ற மாதிரி பதில். பசியோடு படுத்துவிடுகிறார்கள்.

வாசித்து முடித்ததும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சாயங்காலம் நிஜத்தைச் சொன்னவரு, ராத்திரி ஏன் டீச்சர் பொய் சொன்னாரு?”

வசந்தா, அந்தக் குழந்தை அதைக் கவனித்திருக்கிறது! ஒரு சாயங்காலத்துக்கும் ஒரு நடுராத்திரிக்கும் நடுவில் ஒன்பது வயதுப் பையன் கற்றுக்கொண்டது என்ன என்று அவளே பிடித்துவிட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்த பையன் சொன்னான்: “தாகம்ல.”

இது நடந்த பிறகுதான் பொறுப்பில் இருக்கும் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். “இதெல்லாம் பிஞ்சு மனசுக்கு எதுக்கும்மா? வெளிநாட்டுல படிச்சது, சட்டம் எழுதினது, அதைச் சொல்லுங்க போதும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. பிறந்தார், படித்தார், சாதித்தார் என்ற கதையில் பிள்ளைகளுக்கு என்னடி இருக்கிறது? அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய. அவர்கள் வயதில் அந்த மனிதர் எப்படி இருந்தார், எதற்குப் பயந்தார், யார் அவரை விரட்டினார்கள் என்பதல்லவா அவர்களுக்குச் சேர வேண்டியது.

கசப்பு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ‘டோட்டோ-சான்’, அந்த ஜப்பானியச் சிறுமியின் பள்ளிக் கதை, உனக்கே உயிர். கழிவறைக் குழியில் விழுந்த பணப்பையைத் தேடி அந்தச் சின்னப் பெண் அகப்பையால் அள்ளி அள்ளிக் குவிக்கிறாளே, அந்த வழியே வந்த தலைமையாசிரியர் கோபயாஷி என்ன சொன்னார்? முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். நம் கணக்கு டீச்சராக இருந்திருந்தால்! ஆனால் அந்தப் புத்தகமும் பிள்ளைகளிடம் மறைக்காமல்தான் முடிகிறது. அவளோடு மரம் ஏறிய நண்பன் யாசுவாகி இறந்துபோகிறான். அந்தப் பள்ளியின் ரயில் பெட்டி வகுப்பறைகள் 1945-ல் குண்டுவீச்சில் எரிகின்றன.

நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கைப் பார். நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள் என்று 1944 மார்ச்சில் லண்டன் வானொலியில் டச்சு அமைச்சர் பேசியதைக் கேட்டு, பதினாலு வயதில் தன் டைரியைத் தானே திருத்தி எழுத உட்கார்ந்த பெண் அவள். 1947-ல் புத்தகமாக வந்தபோது, அம்மாவிடம் அவளுக்கிருந்த கோபத்திலும், உடம்பைப் பற்றி எழுதியதிலும் கொஞ்சத்தை அவள் அப்பா விட்டுவிட்டார். பெற்ற மனசு, புரிகிறது. ஆனாலும் பின்னால் வந்த முழுப் பதிப்பில்தான் அவள் நம் வீட்டுப் பிள்ளைபோலச் சிடுசிடுக்கிறாள். பெண் பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொள்வதே அந்தப் பக்கங்களில்தான்.

அடுத்த வாரமும் அம்பேத்கர்தான் வாசிக்கப்போகிறேன். பள்ளியில் பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் என்ற பகுதி. வேண்டாம் என்றால் எழுதிக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இவர் ‘உனக்கெதுக்கு வம்பு’ என்கிறார். நீயும் அதையே எழுதினால் உன்னோடு பேசமாட்டேன்.

உன்னால் ஆக வேண்டியது இரண்டு. உன் ‘டோட்டோ-சான்’ பிரதியை அனுப்பு, அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அப்புறம், உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. அதன் தடிமனைப் பார்த்தே பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். அவர் தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட காலத்திலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு எந்த அத்தியாயம் ஒத்துவரும் என்று நீதான் சொல்ல வேண்டும். அதை நீ கரைத்துக் குடித்தவள். வெள்ளிக்குள் பதில் வேண்டும். போன் செய்தாலும் சரி.

அன்புடன்,
கோமதி