மலையகத்தில் கடிகாரம் திருத்தும் தொழிலைக் கைவிடலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முகப்பையும் உட்தகடுகளையும் குடைந்தெடுத்து, உள்ளே ஓடும் சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியும்படி செய்யப்படும் ‘ஸ்கெலிட்டன்’ கைக்கடிகாரங்களை அண்மைக் காலமாக ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களில் நம் இளைஞர்கள் பலர் விரும்பி வாங்கி அணிகிறார்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பகட்டு என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதையும், வாங்கியவர்களே சில ஆண்டுகளில் ஓடவில்லை என்று அதை அலுமாரிக்குள் போட்டுவிடுவதையும் காண்கிறேன். பெற்றரி இல்லாமல் ஓடும் இந்தக் கடிகாரம் முறையாகப் பராமரித்தால் ஒரு தலைமுறையைக் கடந்தும் உழைக்கும். அதைப் பராமரிக்கும் தொழிலோ அடுத்த கைக்குப் போகாமலே நம் ஊர்களில் மறைந்துவருகிறது. அத்தொழிலை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

பகட்டு என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. தோட்டத்தில் நேரம் என்பது நெடுங்காலமாகத் தொழிலாளியின் வசத்தில் இருந்ததில்லை. தப்புப் பறையின் சத்தம் தூக்கத்திலிருந்து எழுப்பியது. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. தொழிற்சாலைச் சங்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசும் அந்த நாளை வகுத்தன. முழுநாள் சம்பளமான முழுப்பேரா, அரைநாள் சம்பளமான அரைப்பேரா என்பதை வேறொருவர் தீர்மானித்தார். அந்த வீட்டுப் பிள்ளை தன் சம்பளத்தில் ஒரு கடிகாரம் வாங்கி, அது எப்படி ஓடுகிறது என்பதையும் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், அதில் குறை காண என்ன இருக்கிறது?

விஞ்ஞானம் கற்பிக்கும் நான் என் ஸ்கெலிட்டன் கடிகாரத்தைப் பல ஆண்டுகளாக அணிந்து வருகிறேன்; வகுப்பில் அதைக் கழற்றி ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பிள்ளைகளிடம் கொடுப்பதும் உண்டு. சுருள் வில்லான மெயின் ஸ்பிரிங்கில் சேமித்த சக்தி பற்சக்கரங்கள் வழியாக இறங்கி வருகிறது. அது ஒரேயடியாகத் தீர்ந்துவிடாமல், நங்கூரம் போன்ற ஒரு சிறு துண்டு தன் இரு கற்களால் கடைசிச் சக்கரத்தின் பல்லைப் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறது. அந்தப் பிடிப்புக்கும் விடுகைக்கும் தாளம் போடுவது, முன்னும் பின்னுமாக ஆடும் பலன்ஸ் சக்கரம். அதன் மேல் மயிரிழை போன்ற ஹெயார் ஸ்பிரிங் சுருங்கி விரிவதைக் கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளைக்கு ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரமான அலைவுகாலம் என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் வரைந்து விளக்க வேண்டியதில்லை. மணித்தியாலத்துக்கு 21,600 துடிப்பு என்றால் விநாடிக்கு எத்தனை என்று கேட்டால், கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டே ஆறு என்று சொல்கிறார்கள். சக்கர அச்சுகள் தேயாமல் சுழல்வதற்குப் பதித்திருக்கும் சிவப்புக் கற்கள் மாணிக்கமா என்று இரத்தினக்கல் அகழும் இரத்தினபுரியை மனத்தில் வைத்துக் கேட்காத வகுப்பே இல்லை. அவை செயற்கை மாணிக்கங்கள். பிரெஞ்சு இரசாயனவியலாளர் வெர்னேய் 1902 இல் வெளியிட்ட முறைதான் அவற்றை மலிவாக உருவாக்க வழி திறந்தது.

இத்தகைய கடிகாரத்தின் தொடக்கம் 1760 அளவில், பதினைந்தாம் லூயி மன்னனின் அவையில் கடிகாரம் செய்த அந்திரே சார்ள் கரோன் என்பவரிடம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அப்போது அது சட்டைப்பைக் கடிகாரம். எவ்வளவு உலோகத்தை அகற்றலாம், எவ்வளவை விட்டால் தகடு வளையாது நிற்கும் என்பதே அன்றும் இன்றும் இந்த வேலையின் நுட்பம்.

வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்றரி இயந்திரத்தின் மேல் பற்சக்கரப் படத்தை ஒட்டி ஸ்கெலிட்டன் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். விநாடி முள் விநாடிக்கு ஒருமுறை தாவினால் அது பெரும்பாலும் பெற்றரிக் கடிகாரம்; ஸ்பிரிங்கில் ஓடும் எந்திரக் கடிகாரத்தில் முள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். நல்ல எந்திரக் கடிகாரமும் நாளுக்குச் சில விநாடிகள் முந்தும் அல்லது பிந்தும். அது பழுதன்று. திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் காந்தம் ஏறி ஹெயார் ஸ்பிரிங் ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே ஒலிபெருக்கி, காந்தப் பூட்டுள்ள தொலைபேசி உறை ஆகியவற்றின் அருகே அதை வைக்காதிருப்பது நல்லது.

நம் குளிரையும் ஈரத்தையும் தனியே சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உடற்சூட்டில் இருந்த கடிகாரம் பனிமூட்டத்துக்குள் போகும்போது, உள்ளே சிறிது ஈரம் இருந்தாலும் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படியும். நீர் தாங்கும் அளவாக முப்பது மீற்றர் என்று பின்மூடியில் பொறித்திருப்பதை நம்பித் தென்மேற்குப் பருவமழையில் நனைவதும், அதைக் கட்டியபடியே குளிப்பதும் கூடாது. உள்ளே ஆவி தெரிந்தால் அடுப்புச் சூட்டில் காயவைக்காமல் உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் எஃகுத் திருகாணிகளின் தலையில் துரு ஏறும். தோல் பட்டியில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க இரவில் காற்றுப்படும் இடத்தில் வைத்தாலே போதும்.

எவரிடம் கொடுப்பது என்பதே இன்றைய கேள்வி. ஜப்பானின் செய்கோ நிறுவனம் 1969 டிசம்பரில் பெற்றரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், படிப்படியாக உலகெங்கும் எந்திரக் கடிகாரத் தொழில் சுருங்கியது. என் மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டிய பழைய கடிகாரங்களில், இந்தியாவுக்குப் போன உறவினர் கொடுத்த இந்திய அரச நிறுவனமான எச்.எம்.டி.யின் கடிகாரங்களும் இருந்தன. அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவும் 2016 இல் மூடப்பட்டுவிட்டது. நம் கடைவீதிகளில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் லென்ஸ் பொருத்தி அமர்ந்திருக்கும் முதியவர்கள் இப்போது பட்டியும் பெற்றரியும் மாற்றியே பிழைக்கிறார்கள். எந்திரக் கடிகாரத்தை ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முற்றாகப் பிரித்துக் கழுவி எண்ணெயிட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால், ஒரு சிறு பழுதுக்கும் நம்மவர்கள் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

எனவே மலையகத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் கடிகாரம் திருத்தும் பயிற்சியைத் தமிழ்மொழி மூலம் தொடங்க வேண்டும். நுண் திருகாணிச் செலுத்திகள், சாமணம், எண்ணெய்க் கோல், லென்ஸ், ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவி ஆகியவை இருந்தால் ஒரு சிறிய அறையிலேயே வகுப்பை நடத்தலாம். இப்போதுள்ள முதிய தொழிலாளர்களை உரிய கொடுப்பனவோடு போதனாசிரியர்களாக அமர்த்தலாம். அவர்களிடம் சான்றிதழ் இல்லை என்பதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இது சொந்த ஊரிலேயே ஒரு வருமானத்தைத் தரும். மலையகப் பிரதிநிதிகளும் தொழிற்கல்விக்குப் பொறுப்பான அதிகாரிகளும் இக்கோரிக்கையைப் பரிசீலித்து, அடுத்த ஆண்டுக்கான பயிற்சிநெறிகளிலேயே இதைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.