இரண்டாவது கட்டி எல்லாமே ‘பரவிய’ கட்டி அல்ல

ஆசிரியருக்கு,

வாய்ப்புற்றுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று நான்கு ஆண்டுகள் நன்றாக நடமாடிய ஒருவருக்குத் தொண்டையிலோ நுரையீரலிலோ இன்னொரு கட்டி தென்பட்டால், வீட்டில் முதலில் வரும் சொல் ‘பரவிடுச்சு’. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பல குடும்பங்கள் அத்தோடு மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்திவிடுகின்றன. செய்திகளிலும் அதே சொல்தான் புழங்குகிறது. ஆனால் அது பழைய கட்டியின் பிள்ளையாக இல்லாமல் அந்த இடத்திலேயே புதிதாக முளைத்ததாக இருக்கலாம். மருத்துவர்கள் அதை ‘செகண்ட் பிரைமரி’ என்பார்கள். சிறியதாக இருக்கும்போதே பிடிபட்டால் முழுக் குணத்தை நோக்கி வைத்தியம் செய்ய வேண்டிய நோய் அது. அதை நான்காம் கட்டம் என்று எழுதிக் கைவிடுவது பெருந்தவறு.

அமெரிக்காவில் ஸ்லாட்டர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 783 வாய்ப்புற்று நோயாளிகளை ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படை. நூற்றுக்குப் பதினோரு பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கட்டிகள் இருந்தன. கட்டியைச் சுற்றி, கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த சளிச்சவ்வும் நுண்ணோக்கியில் கெட்டிருந்தது. ஒரு செடிக்கு மட்டும் நோய் வரவில்லை, வயலே கெட்டுக் கிடக்கிறது என்ற பொருளில்தான் இதற்கு ‘ஃபீல்டு கேன்சரைசேஷன்’ என்று பெயரிட்டார்கள்.

வயல் எப்படிக் கெடுகிறது? புகையிலைச் சாறும் பீடிப் புகையும் மதுவும் ஒரே புள்ளியில் படுவதில்லை. அவை போகும் வழி உதட்டிலிருந்து நாக்கு, தொண்டை வரை வந்து, ஒரு கிளை உணவுக்குழாய்க்கும் மற்றொரு கிளை குரல்வளை வழியாக நுரையீரலுக்கும் போகிறது. வழி நெடுக உள்ள சவ்வு ஆண்டுக்கணக்கில் அந்த நஞ்சில் நனைகிறது. சவ்வின் அடி வரிசையில் இருக்கும் மூலச்செல் ஒன்றில், செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் டிபி53 மரபணு பழுதாகிறது. அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் பக்கத்துச் செல்களை மெல்ல நெருக்கித் தள்ளி, பல சென்டிமீட்டர் அகலத்துக்குப் படர்கின்றன. வலி இருக்காது, பெரும்பாலும் வெள்ளைத் திட்டுகூட இருக்காது. அதற்குள் ஏதாவது ஒரு செல் மேலும் சில மரபணுப் பழுதுகளைச் சேர்த்துக்கொண்டால் கட்டியாகிறது. அறுவையில் கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல திசுவையும் சேர்த்து எடுக்கிறார்கள். கெட்ட வயல் அதைவிடப் பெரிதாக இருந்தால் மிச்சம் வாயிலேயே நிற்கும். வாய்க்கும் நுரையீரலுக்கும் இடையில் அப்படிப் படர்ந்து போக இயலாது. அங்கே அதே நஞ்சு தனியாக இன்னொரு வயலைக் கெடுத்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

பழக்கத்தைப் பொறுத்து இடமும் மாறும். வெற்றிலை பாக்கோடு புகையிலை அடக்குபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறமும் ஈறும். புகைப்பவர்களுக்குக் குரல்வளையும் நுரையீரலும். மது சேர்ந்தால் அடித்தொண்டையும் உணவுக்குழாயும். ஒரு கன்னத்தில் அறுவை ஆனபின் மறு கன்னத்தில் புகையிலையை அடக்குவது, மிச்சமிருக்கும் வயலுக்கு உரம் போடுவதுதான். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே முடிவு செய்துவிட்டது.

பரவியதா, புதியதா என்று பிரித்தறிய 1932இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வாரனும் கேட்ஸும் வகுத்த விதிதான் இன்றும் அடிப்படை: இரண்டும் பயாப்ஸியில் (திசுவை வெட்டியெடுத்துப் பார்க்கும் சோதனையில்) புற்றென்று உறுதியாக வேண்டும், இரண்டுக்கும் நடுவே நல்ல திசு இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் பரவல் அல்ல என்று காட்ட வேண்டும். சிக்கல் நுரையீரலில்தான். வாயில் ஸ்குவாமஸ் வகை (சவ்வின் தட்டைச் செல்களில் எழுவது), நுரையீரலில் அடினோ வகை (சுரப்பிச் செல்களில் எழுவது) என்றால் சந்தேகமே இல்லை, புதியது. இரண்டும் ஸ்குவாமஸ் என்றால் நுண்ணோக்கி மட்டும் போதாது. நெறிக்கட்டு இல்லாத தொடக்க நிலைக் குரல்வளைப் புற்று குணமாகிச் சில ஆண்டுகள் கழித்து நுரையீரலில் ஒரே ஒரு கட்டி தெரிந்தால் புதியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கழுத்தில் பல நெறிகளோடு வந்த நோய்க்குப் பின், ஓராண்டுக்குள் இரு நுரையீரல்களிலும் உருண்டை உருண்டையாகப் பல தெரிந்தால் பரவல். நடுவில் நிற்பவற்றுக்கு இரு கட்டிகளின் மரபணுப் பிறழ்வுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும்.

‘அஞ்சு வருஷம் தாண்டியாச்சு’ என்ற நிம்மதி முதல் கட்டிக்கு மட்டுமே பொருந்தும். புதிய கட்டியின் அபாயம் ஆண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 7 பேர் என்ற அளவில், ஐந்தாண்டுக்குப் பிறகும் தொடர்கிறது. எனவே முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளியை நீட்டி, ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயையும் கழுத்தையும் பார்த்து, தேவைப்பட்டால் குழாய்க் கருவியால் தொண்டையையும் பார்க்க வேண்டும். நீண்டகாலம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிரளவு சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் சிறு கட்டிகள் தப்பிவிடும். வீட்டில் மாதம் ஒருமுறை, பல்செட்டைக் கழற்றிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் கன்னம், கடவாய், நாக்கின் இரு ஓரம், நாக்கடி எல்லாம் பார்க்கலாம். வெள்ளையைவிடச் சிவப்புத் திட்டு ஆபத்தானது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், குரல் கம்மல், விழுங்கும்போது அடைப்பு, சளியில் ரத்தம் எதையும் ‘கரண்ட் (கதிர்வீச்சு) வைத்ததால் வந்தது’ என்று தள்ளிப்போடக் கூடாது.

வைட்டமின் மாத்திரை காக்கும் என்று நம்புபவர்களுக்கு ஒரு தகவல். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. கேரட், கீரை சாப்பிடுவதில் கெடுதல் இல்லை, மாத்திரைதான் வேண்டாம்.

முதல் சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி அறிக்கை, கதிர்வீச்சு எங்கே எத்தனை கிரே (கதிரளவின் அலகு) கொடுக்கப்பட்டது என்ற தாள் ஆகியவற்றை ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். 60, 70 கிரே ஏற்கெனவே வாங்கிய இடத்தில் மறுபடி கதிர் வைப்பது கடினம். அந்தக் கணக்கு தெரியாமல் மருத்துவர் முடிவெடுக்க முடியாது. பழைய கட்டியைப் புதியதோடு ஒப்பிட உதவும், மெழுகில் பதித்த திசுக்கட்டை, ஸ்லைடு இரண்டையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். மெழுகுக்கட்டை வெயிலில் உருகும். வண்டி டேங்க் கவரில் வைத்து எடுத்துப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
தலை, கழுத்துப் புற்றுநோய் மருத்துவர்கள் சிலர்,
மதுரை