காசு கட்டிப் பார்த்த அம்மம்மாவின் ஊர்

கோண்டாவில்,
பங்குனி மாதம்.

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டாளாம். நீ பயந்துபோய் எனக்கு மூன்று தரம் எடுத்திருக்கிறாய். நான் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தேன். யாருக்கும் ஒன்றும் இல்லை, பிள்ளை. அம்மம்மாவின் ஊரான நெடுந்தீவுக்குப் போய் வந்தோம், அவ்வளவுதான். மீதிக் கதையை நான் ஆறுதலாக எழுதுகிறேன். யூலையில் பிள்ளைகளோடு வந்தால் அங்கே போகலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கும் பதில் இதற்குள் வந்துவிடும்.

பென்சன்காரர் முப்பது பேர் சேர்ந்து ஒரு நாள் சுற்றுலா ஒழுங்கு செய்தார்கள். பஸ், படகு, வழிகாட்டி, மத்தியானச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காசு. அம்மா முதலில் மாட்டேன் என்றுவிட்டாள். "என்ரை அம்மான்ரை ஊரை எனக்குக் காட்ட இன்னொருத்தன் வேணுமோ?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அவள் கடைசியாக அங்கே போனது பள்ளிக்கூட விடுதலைக்கு, சட்டை போட்ட வயதில். இப்போது அறுபத்தேழு. முழங்கால் இன்னும் எத்தனை வருஷத்துக்கு ஒத்துழைக்கும் என்று கேட்டேன். அது வேலை செய்தது.

பண்ணைப் பாலம் தாண்டும்போதே வழிகாட்டிப் பொடியன் மைக்கைப் பிடித்துவிட்டான். நல்ல பொடியன், தீவில் பிறந்து வளர்ந்தவன். ஒல்லாந்தர் நம்முடைய தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்களாம். வேலணை லைடன், காரைதீவு ஆம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க். அதில் ஒன்றும் நிற்கவில்லை, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் வந்த போர்த்துக்கேயர் அதைப் பசுக்களின் தீவு என்று தங்கள் பாசையில் எழுதினார்கள். நம்மவர்களும் பசுத்தீவு என்று சொல்லியிருக்கிறார்கள். "அது சரி, அங்கை நெய்க்குப் பஞ்சமில்லை" என்று அம்மா பின்னால் இருந்து சொன்னாள். அதோடு அவளுக்கு வாய் திறந்துவிட்டது.

குறிகட்டுவானில் பஸ்ஸை விட்டுப் படகு ஏற வேண்டும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சனம் இருக்கிற மற்றத் தீவுகளுக்குப் பாலமோ தாம்போதியோ இருக்கிறது, இல்லாவிட்டால் இதைவிடக் கிட்டப் படகு. நெடுந்தீவுதான் அவற்றுக்கெல்லாம் அப்பால் தனியாகக் கிடக்கிறது. அன்றைக்குக் கடல் குளம் மாதிரி இருந்தது. அம்மா உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தபடி ஒரு சொல்லும் பேசாமல் இருந்தாள். எனக்குக் காரணம் தெரியும். உனக்கு நாங்கள் விவரமாகச் சொன்னதில்லை.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, உள்ளே இருந்த சனத்தை வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் செத்தார்கள், அதற்கு மேலே என்றும் சொல்கிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அம்மம்மா அதற்குப் பிறகு அந்தக் கடலில் ஏறவேயில்லை, எங்களையும் ஏற விடவில்லை. ஊரைப் பற்றிக் கதைப்பார், ஊருக்குப் போகிற கதை வந்தால் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். சின்ன வயதில் நீ "அம்மம்மான்ரை ஊருக்கு ஏன் நாங்கள் போறதில்லை?" என்று கேட்டபோது தண்ணி உப்பு என்று சமாளித்தது அதனால்தான். தீவில் நினைவுத் தூபி இருக்கிறது. எங்கள் நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. பொடியன் தானாகவே நிறுத்தச் சொல்லி இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். மைக்கைத் தொடவில்லை. அந்த இடத்தில் அவன் மேல் எனக்கு மதிப்பு வந்தது.

தீவில் உழவு மெசினுக்குப் பின்னால் இழுக்கிற பெட்டியில் கதிரை போட்டு ஏற்றினார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு ரோட்டில் அது போகிற போக்குக்கு, இந்த வயதில் இடுப்பு கழன்றுவிடும். நீ வந்தால் ஓட்டோ பிடி.

முதலில் கோட்டை. வைத்தியசாலைக்குப் பின்னால் இருக்கிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, இரண்டு தட்டாக இருந்திருக்கிறது, இப்போது சுவர்கள் மட்டும். போர்த்துக்கேயர் தொடங்கியது, ஒல்லாந்தர் பாவித்தது. அப்புறம் தூது போகிற புறாக்களுக்குக் கட்டிய கூடு. அப்புறம் கல்லில் பதிந்த பெரிய பாதம். அது அனுமானுடையதோ யாருடையதோ, எனக்கு அது கல்லில் விழுந்த பள்ளமாகத்தான் தெரிந்தது. ஆனால் உன் பிள்ளைகள் அதற்குள் காலை வைத்துப் பார்க்க அடிபடுவார்கள். பெருக்கமரமும் அவர்களுக்குத்தான். அடிமரம் கோறையாகி உள்ளே ஒரு சின்ன அறை மாதிரி இருக்கிறது, நாலைந்து பேர் நிற்கலாம். ஆபிரிக்காவின் மரம். அரபு வியாபாரிகள் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். உள்ளே போன எங்கள் கூட்டத்து மாஸ்ரர் ஒருவர் படம் எடுக்கும்வரை வெளியே வரமாட்டேன் என்று நின்றார். எழுபத்திரண்டு வயது அவருக்கு.

மேற்கே வெடியரசன் கோட்டை. அங்கேதான் கொஞ்சம் வாக்குவாதம். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி எடுக்க வந்த மீகாமனோடு கடலில் சண்டை பிடித்தவன் வெடியரசன் என்பது ஊர்க் கதை. அம்மம்மா அதைப் பாட்டாகவே சொல்வார், உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. அங்கே கிடக்கிற கல் அத்திவாரங்கள் பௌத்த தூபிகளுடையவை என்று தொல்பொருள்காரர் சொல்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கொதித்துப்போய்விட்டார். பொடியன், "ஐயா, ஒரு காலத்திலை தமிழரும் பௌத்தராய் இருந்திருக்கினம். கல்லு பௌத்தம் எண்டதுக்காக அது எங்கடை இல்லையெண்டு ஆகாது" என்றான். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. கொதித்தவருக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு வரும்வரை அவர் யாரோடும் கதைக்கவில்லை, சாப்பாடும் இரண்டரை மணிக்குத்தான் வந்தது.

குதிரைகளைப் பற்றி நீ கேட்பாய். தெற்குப் பக்கம் மரமே இல்லாத பெரிய புல்வெளி, அதில் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. கட்டையான குதிரைகள், கிட்டப் போனால் விலகிவிடும். ஐரோப்பியர் கொண்டுவந்து பண்ணை வைத்து வளர்த்தவற்றின் வழி வந்தவை. ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்று ஒரு லெப்டினன்ட் இங்கே இருந்து அந்தப் பண்ணையைப் பார்த்திருக்கிறார். பண்ணை கைவிடப்பட, குதிரைகள் கட்டாக்காலி ஆகிவிட்டன. சாறாப்பிட்டியில் லாயத்தின் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன, பக்கத்தில் நல்ல தண்ணிக் கிணறுகள். 2015இல் இந்தப் பக்கத்தைத் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். மாசி மழை கொஞ்சம் பெய்திருந்ததால் நாங்கள் போனபோது புல் பச்சை. கோடை முற்றினால் குட்டைகள் வற்றி, தண்ணி இல்லாமல் குதிரைகள் சாகிற வருஷங்களும் உண்டு. யூலையில் நீ பார்க்கப்போவது விலா எலும்பு தெரிகிற குதிரைகளை. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வை. தெற்கு முனையில் குவிந்தாக் கோபுரம் என்று ஒன்று இருக்கிறது, நேரம் போய்விட்டதால் அதைத் தூரத்தில் பார்த்ததோடு சரி.

இவ்வளவும் சுற்றுலா. இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தீவு முழுக்க வேலி கல்லு வேலி, மகள். முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. பொடியன் இதையும் ஒல்லாந்தர் கணக்கில் எழுதிவிட்டான். அம்மா பெட்டிக்குள் எழும்பி நின்றே விட்டாள். "தம்பி, ஒல்லாந்தனுக்கு என்ரை அம்மப்பாவின்ரை காணிக்கு வேலி அடைக்கிறதோ வேலை?" கல்லை எடுத்தால்தான் தோட்டம் செய்ய மண் கிடைக்கும், எடுத்த கல்லை எங்கே போடுவது, எல்லையில் அடுக்கினார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து நாளுக்கு இத்தனை கல்லுத் தூக்க வேண்டும் என்று கணக்கு இருந்தது என்று அம்மம்மா சொன்னதை அப்படியே ஒப்புவித்தாள். பொடியன் வாதாடவில்லை. "அம்மா, அதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்று போனை எடுத்துப் பதிவு செய்தான்.

முப்பது வருஷம் ஊர் ஊராகக் காணி அளந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த வழக்கில் பாதி வேலிச் சண்டை. மரக் கொம்புகளை நட்டு அடைக்கிற கதியால் வேலி இருக்கிறதே, அதற்குக் கால் உண்டு. ஒவ்வொரு வருஷமும் அடைக்கும்போது ஒரு விரற்கடை அங்கால் போகும். பத்து வருஷத்தில் ஒரு தென்னம்பிள்ளை பக்கத்து வீட்டுக்காரனுடையதாகிவிடும், அப்புறம் அண்ணன் தம்பி கதை பேச்சு இல்லை. நெடுந்தீவில் அந்த விளையாட்டு நடக்காது. இரவோடு இரவாக ஒரு கல்லு வேலியை நகர்த்த யாரால் முடியும்? கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கண் வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. காற்று உள்ளே புகுந்து போகிறது, அதனால்தான் சோளகக் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் விழாமல் நிற்கிறது. மாடும் குதிரையும் தின்னவும் முடியாது. கோட்டைக்குள் நின்றதைவிட அந்த ஒழுங்கைகளில் நான் நின்றது கூட நேரம். என்னைக் காணாமல் இரண்டு தரம் மெசினை நிறுத்தி ஹோர்ன் அடித்தார்கள்.

அம்மா அழுத கதைக்கு வருகிறேன். திரும்பி வருகிற வழியில் பொடியன் தானே கேட்டான், "அம்மா, உங்கடை காணி எந்தப் பக்கம்?" என்று. அவளுக்குக் குறிச்சி தெரியும், ஒரு கோயில் தெரியும், கிணற்றடியில் வளைந்த ஒரு பனை தெரியும். பனை இல்லை. வீடும் இல்லை, அத்திவாரம்கூட இல்லை. ஆனால் நாலு பக்கமும் கல்லு வேலி அப்படியே நின்றது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது. பக்கத்து வளவிலிருந்து ஒரு ஆச்சி, தொண்ணூறு வயதிருக்கும், பொல்லை ஊன்றிக்கொண்டு வேலியடிக்கு வந்தார். அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஆற்றை பிள்ளை?"

அறுபத்தேழு வயதில் அவளிடம் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள் சொல்லு. அவள் தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவளோ! இந்த வேலி எல்லாம் ஏறிக் குதிச்சுத் திரிஞ்சவள்" என்றார். எங்களை உரக்கச் சிரிக்க விடாத அந்த அம்மம்மா! சரிந்திருந்த மூலையைப் பொல்லால் காட்டி, "அதாலைதான் எங்கடை வளவுக்குப் பாயுறவள், எத்தினை தரம் அடுக்கினாலும் திருப்பி விழுத்திப்போடுவாள்" என்றார். அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டும் ஒன்றாக. உனக்குப் போனில் கேட்டது அதன் மிச்சம்.

ஆச்சி கிணற்றில் அள்ளித் தண்ணி தந்தார். நல்ல உவர். அம்மம்மா இங்கே கோண்டாவில் தண்ணியைக் கடைசிவரை "சப்பெண்டு கிடக்குது" என்று சொல்லி, தேத்தண்ணிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சொட்டு உப்புப் போட்டது உனக்கு ஞாபகம் இருக்குமே. வயது போய்விட்டதால் செய்கிற வேலை என்று நான் அப்போது பகிடி பண்ணியிருக்கிறேன்.

ஆகவே, நீ வா. ஆனால் கூட்டத்தோடு வேண்டாம், நாங்கள் தனியாகப் போவோம். பொடியனின் நம்பர் என்னிடம் இருக்கிறது, ஆச்சி வீட்டுக்குக் கூட்டிப்போவான். யூலையில் சோளகம் அடிக்கும், கடல் தூக்கிப் போடும். சின்னவனுக்குச் சத்தி மாத்திரை கொண்டு வா. காலையில் முதல் படகைப் பிடிக்க வேண்டும், திரும்பி வருகிற படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைக்க வேண்டும், பிந்தினால் இரவு அங்கேதான்.

அம்மா ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணி கொண்டு வந்தாள். அடுத்த நாள் காலையில் அதில்தான் தேத்தண்ணி. வாயில் வைக்க முடியவில்லை, நான் ஒன்றும் சொல்லாமல் முழுக்கக் குடித்தேன். மீதி அரைப் போத்தல் பிரிட்ஜில், மேல் தட்டில் இருக்கிறது. நீ வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

அன்புடன்,
அப்பா